வெட்டிய சோலையும் தணியாப் பசியும்

சேர்வராயன் மலையில் தலைச்சோலை என்றோர் ஊர் உண்டு. அப்பெயரில் உள்ள 'சோலை' என்னும் சொல், மலைமடிப்புகளில் நீரோடையை ஒட்டி அடர்ந்து நிற்கும் காட்டைக் குறிப்பதற்காக ஆங்கிலத் தாவரவியல் நூல்களிலும் குடிபுகுந்துவிட்டது. சொல் இவ்வாறு கடல் கடந்து வாழ, அது சுட்டிய பொருளோ பிறந்த மலையிலேயே அருகிவருகிறது. இதனை எண்ணுந்தோறும் கிரேக்கக் கதையொன்று நம் நினைவுக்கு வருகிறது.

தமிழ்த்துறை மலரில் கிரேக்கத்துப் பெண்தெய்வங்களுக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். அரபு நாட்டைப் பாடப் புகுந்த உமறுப்புலவர் அங்கே தமிழ்நாட்டு மருத வளத்தைக் கண்டு பாடினார். அயல்நிலத்தைத் தமிழ்க்கண் கொண்டு நோக்குவது நம் மரபுக்குப் புதிதன்று. அத்தெய்வங்களை நம்புவதும் நம்பாமையும் இங்கே வினாவல்ல. பழங்காலத்து மாந்தர் எதனைப் பெருங்குற்றமாகக் கருதினர், அதற்கு எத்தகைய தண்டனையைக் கற்பித்தனர் என்பதே நாம் காண விழைவது.

கிரேக்கத் தொன்மங்களில் தெய்வமகளிரின் சினத்துக்கு இரையான மானிடர் பலர். நெசவில் அதீனாவோடு போட்டியிட்ட அரக்னி சிலந்தியானாள். மக்கட்பேற்றால் செருக்குற்ற நியோபி மக்களை இழந்து, கண்ணீர் சொரியும் பாறையானாள். இவற்றையெல்லாம் படிக்குங்கால், தெய்வங்களின் தன்மானம் இத்துணை மெல்லியதா என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் எரிசிக்தோன் கதை அத்தகையதன்று. தானியத்தின் தெய்வமான தெமீத்தருக்குரிய சோலையில் அவன் கோடரி வைத்தான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கலிமாக்கஸ் இதனைப் பாடியுள்ளார். தெய்வம் பூசாரிப் பெண்ணின் வடிவில் வந்து, "வேண்டாம்" என்று முதலில் நயந்தே சொல்கிறது. அவனோ, தான் விருந்துண்ணும் மண்டபத்துக்குக் கூரை வேய மரம் வேண்டும் என்று வெகுள்கிறான். நன்று, கட்டிக்கொள்; இனி உனக்கு ஓயாத விருந்துதான் என்கிறது தெய்வம். அதுவே சாபம்! உண்ண உண்ணப் பெருகும் பசி அவனைப் பற்றுகிறது. அரசிளங்குமரன் இறுதியில் நாற்சந்தியில் அமர்ந்து எச்சில் உணவுக்குக் கையேந்துகிறான்.

உரோமக் கவிஞர் ஓவிட், ஏறத்தாழ கி.பி. 8இல் முடித்த தம் பெருங்காப்பியத்தில், இக்கதையை மேலும் கொடிதாக்கினார். அங்கே வேலையாட்கள் கைநடுங்கி நிற்கின்றனர். தடுக்க வந்த ஒருவன் தலையை எரிசிக்தோன் வெட்டி வீழ்த்துகிறான். ஓக் மரத்தின் வெட்டுவாயிலிருந்து குருதி பெருகுகிறது. பின்னர் நாட்டுச் செல்வமெல்லாம் உண்டு தீர்ந்தபின், எஞ்சியிருந்த மகளையும் விற்கிறான். அவள் உருமாறித் தப்பித் தப்பி வர, மீண்டும் மீண்டும் விற்கிறான். அதுவும் போதாமற்போகத் தன் உடலையே தின்று மடிகிறான்.

இக்கதையைப் படிக்கும் தமிழ் மாணவர்க்கு மணிமேகலையின் காயசண்டிகை நினைவுக்கு வராமற் போகாள். விஞ்சை நாட்டினின்று பொதியில் மலைக்குக் கணவனோடு வந்த அவள், விருச்சிக முனிவன் தேக்கிலையில் வைத்துவிட்டு நீராடச் சென்ற நாவற்கனியைக் காலால் சிதைத்துவிட்டாள். பன்னீராண்டுக்கு ஒருமுறை பழுக்கும் கனி அது. முனிவனின் ஒரே உணவு. அடுத்த கனியைத் தான் உண்ணும் நாள்வரை யானைத்தீ என்னும் பெரும்பசியால் வருந்துக என்று அவன் சபித்தான். அவளால் முனிவன் எத்துணைக் காலம் பசித்திருக்க நேர்ந்ததோ, அத்துணைக் காலமே அவளும் பசித்திருத்தல் வேண்டும். குற்றத்தை நிறுத்த அதே தராசில் தண்டனையையும் நிறுத்த சாபம் இது. அரக்னிக்கும் நியோபிக்கும் இந்த அளவு வாய்க்கவில்லை.

காயசண்டிகையின் பசி மணிமேகலையின் அமுதசுரபியில் இட்ட ஒரு பிடி சோற்றால் தணிந்தது. கிரேக்கம் சாபத்தோடு முடிக்கிறது, தமிழ் அருளோடு முடிக்கிறது என்று மேடையில் முழங்க இது வசதியான இடம். ஆயின் சாத்தனார் அவ்வளவு எளிதில் நம்மை விடவில்லை. பசி தீர்ந்து வான்வழி ஊர் திரும்பிய காயசண்டிகை, விந்தமலையைச் சுற்றிச் செல்லாமல் அதன்மீதே பறந்தாள். மலையைக் காக்கும் விந்தாகடிகை அவள் நிழலைப் பற்றி இழுத்துத் தன் வயிற்றில் அடக்கிக்கொண்டாள். மலைக்கு உரியோள் ஒருத்தி உண்டு, அவள் எல்லையை மிதிக்கலாகாது என்னும் எண்ணத்தில் இரு மொழியினரும் ஒன்றுபட்டே நிற்கின்றனர்.

அவ்வெண்ணம் ஏற்காட்டிலும் உண்டு. ஏறத்தாழ 5,326 அடி உயரத்தில், தாழ்ந்து குனிந்து செல்லவேண்டிய குகைக்குள், சேர்வராயனும் காவிரியம்மனும் வழிபடப்படுகின்றனர். மலையும் ஆறும் ஓரிடத்தில் சேர்ந்து நிற்பது நம் கருத்துக்கு மிகப் பொருத்தமானது. மலைமேல் மரம் நின்றால்தான் கீழே ஆறு ஓடும். மலையாளிப் பழங்குடியினர் கோயிற்காடுகளில் கோடரி வைக்க அஞ்சினர். ஓவிட் காட்டும் வேலையாட்களின் நடுக்கம் இதுதான்.

கோடரி கீழிருந்து வந்தது. 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியை இங்கே கொணர்ந்தார் என்பர். காப்பித் தோட்டம் ஓரளவேனும் நிழல்மரங்களை வேண்டுவது. அந்தமட்டில் அதற்கு நன்றி சொல்லலாம். ஆனால் நிழலுக்கென நட்டவற்றுள் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். (பெயரில் ஓக் இருப்பினும், குருதி சிந்திய கிரேக்க மரத்துக்கும் இதற்கும் உறவில்லை.) பின்னர் பாக்சைட் சுரங்கங்கள் வந்தன; மலைமுகட்டு மண்ணே மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கிற்று. இப்போது விடுதிகளின் முறை. விருந்து மண்டபத்துக்குக் கூரை வேண்டும் என்ற பழைய விடையே இன்றும் சொல்லப்படுகிறது.

தெய்வத்தின் சாபம் சோலையைக் காக்கும் என்று நம்பியிருப்பதை நாம் ஏற்கவில்லை. கதையையே மீண்டும் பாருங்கள்: சாபம் பலிக்கும்போது மரம் ஏற்கெனவே வீழ்ந்துகிடக்கிறது. விருச்சிகனின் நாவல் பன்னீராண்டில் மறுபடி பழுத்தது. தெமீத்தரின் மரம் மீளவில்லை. மேலும், வெட்டியவன் மட்டுமா துன்புற்றான்? தடுத்தவன் தலை போயிற்று. பசி தந்தையுடையது, விலை போனவள் மகள். இவ்விரண்டையும் விட்டுவிட்டு, தன்னுடலைத் தின்ற இறுதிக் காட்சியை மட்டும் வியந்து வகுப்பில் சொல்லி முடிப்பது கதைக்குச் செய்யும் அநீதி. சேர்வராயன் மலைநீரை ஏற்றுச் சேலத்துக்குள் நுழையும் திருமணிமுத்தாறு நகர்க் கழிவைச் சுமந்து செல்வதைக் காண்போர், எரிசிக்தோனின் மகளை வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

ஒப்பிலக்கியம் பயிலும் நம் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். சேர்வராயன் கோயிலின் மே மாதத் திருவிழாக் காலத்தில் ஏற்காடு செல்வோர், படகுத்துறையோடு திரும்பிவிடலாகாது. தலைச்சோலை போன்ற ஊர்களில் மலையாளி முதியோரைப் பணிவோடு அணுகி, எந்தக் காட்டில் எந்த மரத்தை வெட்டுவதில்லை, வெட்டினால் என்னவாகும் என்று சொல்லிவந்தனர், வெட்டியது யார், அதன்பின் எந்த ஊற்று நின்றது என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிவருதல் வேண்டும். மணிமேகலைக்கு உரை கற்பிக்கும் நாளில் அவ்வேடுகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு பாடம் நடத்த ஆசிரியர்கள் அணியமாக இருக்கிறோம்.