பொட்டிக்குள்ளே என்ன இருக்கு?

திருவனந்தபுரத்துக்குக் குடிவந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வி தொற்றிக்கொள்ளும். பத்மநாபசுவாமி கோயிலின் பி நிலவறைக்குள் என்னதான் இருக்கு? 2011-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி மற்ற அறைகளைத் திறந்து பார்த்தார்கள். பி மட்டும் அப்போது திறக்கப்படவே இல்லை. பாம்பு, கடல், சாபம் என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் அவருக்கும் ஒரு டோஸ் கொடுத்துத்தான் அனுப்புகிறோம்.

நம் சம்பளம், பிள்ளைகளின் ஃபீஸ், ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் பணம் எல்லாம் போய்வரும் மென்பொருள்கள் இன்றைக்கு ஏகத்துக்கும் கன்டெய்னர் என்ற பூட்டிய பொட்டிகளுக்குள் ஓடுகின்றன. அதற்குள் என்ன இருக்கு என்று நாம் யாரும் கேட்பதில்லை. அதை ஓட்டுகிற பல பேருக்கே முழுசாகத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. இந்தப் பதிவு அதைப் பற்றிய சண்டை.

"பி.காம். படிச்ச பேங்க் ஆபீசருக்கு இது எதுக்கு சார்?" என்று கேட்பீர்கள். நான் பொட்டி தட்டுகிறவன் இல்லைதான். ஆனால் கையெழுத்துப் போடுகிறவன். கடன் வாங்கினவர் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொண்டுவந்து நீட்டினால், குடோனுக்குப் போய் மூட்டையை எண்ணாமல் ட்ராயிங் பவர் கணக்குப் போடக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எண்ணாத சரக்குக்குக் கையெழுத்துப் போட்டால் வேலைக்கே உலை. அந்த ஒரு தகுதி போதும் எனக்கு.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். ஒரு நிரலையும் அது ஓடத் தேவையான கோப்புகளையும் சேர்த்துக் கட்டின மூட்டைக்கு இமேஜ் என்று பேர். அது ஓடும்போது கன்டெய்னர். 2013-ல் டாக்கர் வந்தபிறகு இது உலகம் முழுக்கப் பரவியது. ஒரே கணினியில் ஐம்பது கன்டெய்னர் ஓடலாம். ஆனால் ஐம்பதுக்கும் அடியில் இருக்கிற கெர்னல் ஒன்றே ஒன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி: வீட்டுக்கு வீடு தனிப் பூட்டு, அஸ்திவாரம் பொது. அஸ்திவாரம் சரிந்தால் மூன்றாவது மாடிக்காரர் நல்ல பூட்டுப் போட்டிருந்தார் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை.

ஆகவே இரண்டு இடத்தில் எண்ண வேண்டியிருக்கிறது. ஒன்று, கன்டெய்னருக்குள் இருப்பது. இரண்டு, கன்டெய்னர்களைத் தாங்குகிற இயங்குதளம். நடப்பது என்ன? பத்து எம்பி நிரல் ஒன்றை ஓட்ட, ஒரு முழு லினக்ஸையே தூக்கி உள்ளே வைக்கிறார்கள். பைத்தானுக்கான வழக்கமான இமேஜை இறக்கி விரித்தால் ஒரு ஜிபி பக்கம் வரும். அதே பைத்தானின் 'ஸ்லிம்' வகை நூற்றுச்சொச்சம் எம்பி. ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸின் அடிப்படை இமேஜ் பத்து எம்பிகூட இல்லை. மிச்சமெல்லாம் என்ன? கம்பைலர், ஷெல், பேக்கேஜ் மேனேஜர், யாருக்கோ எப்போதோ தேவைப்படும் என்று வைத்த இருபது சாமான்.

"அண்ணே, டிஸ்க் இப்போ கொள்ளை மலிவு. ஓடுதில்ல, விடுங்க" என்பார்கள் கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் தம்பிகள். இந்தப் பதில்தான் எனக்கு எரிச்சல். இடம் அடைக்கிறது என்று யார் சொன்னது? உள்ளே வைத்த ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்படும், அதற்கு ஒரு பேட்ச் வரும், அதைப் போட ஓர் ஆள் வேண்டும். உங்களுக்குத் தேவையே இல்லாத சாமானுக்கு நீங்கள் காவல் காக்கிறீர்கள். அதுதான் செலவு.

2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே ஓட்டை வெளிவந்தபோது உலகம் முழுக்க ஒரே கேள்வி: "நம்மிடம் அது இருக்கா?" பெரிய பெரிய நிறுவனங்கள்கூட பதில் சொல்ல நாள்கணக்கில் தேடின. ஓட்டையை அடைப்பது பெரிய வேலை இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் வேலை. 2024 மார்ச்சில் இன்னொன்று. எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலுக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தார்கள். லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற பொறியாளர் தற்செயலாகக் கண்டுபிடித்தார். கதை அதோடு முடிந்ததா என்றால், இல்லை. அந்தப் பின்வாசல் வைத்த கோப்பு உள்ள முப்பதுக்கும் மேற்பட்ட இமேஜ்கள் டாக்கர் ஹப்பில் அப்படியே கிடப்பதாக 2025 ஆகஸ்டில் ஆய்வாளர்கள் சொன்னார்கள். அது வேலை செய்ய எஸ்எஸ்எச் சர்வரும் கூடவே ஓட வேண்டும் என்பது உண்மைதான். ஒன்றரை வருஷம் ஆகியும் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் வைத்திருந்தார்கள் என்பதும் உண்மைதானே.

மாற்று வழி என்ன? வேண்டியதை மட்டும் எழுதி, அதை மட்டும் கட்டுவது. கன்டெய்னருக்குள் என்றால், ஒரு இடத்தில் நிரலைத் தயாரித்து, தயாரான பொருளை மட்டும் காலி இமேஜுக்குள் எடுத்து வைக்கலாம். கம்பைலர் வெளியிலேயே நின்றுவிடும். சமையலறையையே பந்திக்குத் தூக்கி வராமல் இலையில் சோறு மட்டும் பரிமாறுகிற மாதிரி. 2017-லிருந்து டாக்கரிலேயே இதற்கு வசதி இருக்கிறது. அடியிலிருக்கும் இயங்குதளத்துக்கும் அதே விதி. 2017 ஏப்ரலில் டாக்கர் வெளியிட்ட லினக்ஸ்கிட்டில், எந்தக் கெர்னல், தொடங்கும்போது எது ஓட வேண்டும், தொடர்ந்து எது ஓட வேண்டும் என்று ஒரே கோப்பில் பட்டியல் எழுதினால் அதிலிருந்து இயங்குதளம் கட்டித் தரும். பட்டியலில் இல்லாதது உள்ளே இல்லை. 2020-ல் அமேசான் கொண்டுவந்த பாட்டில்ராக்கெட் என்ற இயங்குதளத்தில் வழக்கமான ஷெல் கிடையாது, பேக்கேஜ் மேனேஜரும் கிடையாது. அடிப்படைக் கோப்புகளை ஓடும்போது மாற்ற முடியாது. புதுப் பதிப்பை இன்னொரு பகுதியில் முழுசாக இறக்கி, அதிலிருந்து எழும்பும். சரிப்படவில்லையென்றால் பழையதற்கே திரும்பிவிடும்.

"ஷெல் இல்லாம ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பிரச்சினைன்னா எப்படிண்ணே உள்ளே போய்ப் பாக்குறது?" நியாயமான கேள்வி. அவசரத்துக்கு மட்டும் கருவிகளோடு ஒரு தற்காலிகக் கன்டெய்னரை இணைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம். லாக்கரில் சாவி தேவைப்படுகிறது என்பதற்காகச் சாவியை லாக்கரிலேயே தொங்கவிட்டுப் போவோமா? ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களுக்குக் கிடைக்கிற ஷெல், திருடனுக்கும் கிடைக்கும்.

இன்னொரு ஆட்சேபமும் சரியானதே. ஆல்பைனில் சி நூலகம் வேறு என்பதால் சில நிரல்கள் முரண்டு பிடிக்கும். அப்படியானால் டெபியனிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்துக் கட்டும் 'டிஸ்ட்ரோலெஸ்' வகைக்குப் போங்கள். எதை வைப்பது என்று உட்கார்ந்து முடிவு செய்யுங்கள் என்பதே என் வாதம், கண்ணை மூடிக்கொண்டு சின்னதை எடுங்கள் என்பதல்ல.

இதில் திருவனந்தபுரத்துக்கு என்ன வேலை என்றால், நிறைய. இந்த ஊரில் பூஜப்புரையிலிருந்து ஒரு அரசு அமைப்பு இருபது வருஷத்துக்கு மேலாக இதே தத்துவத்தை வேறு அளவில் செய்துகாட்டியிருக்கிறது. 2001-ல் ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி, 2017-ல் கைட் என்ற நிறுவனமானது. டெபியன், பிறகு உபுண்டு என்று கட்டற்ற லினக்ஸை எடுத்து, கேரளப் பள்ளிகளுக்கென்று தனி இயங்குதளம் கட்டினார்கள். அது குட்டி இமேஜ் கிடையாது. ஜியோஜீப்ரா, ஜிம்ப், இங்க்ஸ்கேப் என்று பாடத்துக்கு வேண்டியதை எல்லாம் சேர்த்த பெரிய மூட்டை. ஆனால் எதை வைப்பது என்று முடிவு செய்தது பாடத்திட்டம், கடைக்காரர் இல்லை. ஐ.டி. பாடப் புத்தகமும் எஸ்.எஸ்.எல்.சி. செய்முறைத் தேர்வும் அந்த இயங்குதளத்தை நம்பியே நடக்கின்றன. இங்கே தமிழ் வழியில் படிக்கும் நம் பிள்ளைகளும் அதில்தான் தட்டுகிறார்கள்.

இந்தத் திட்டத்தைப் புகழ்கிறவர்கள் உடனே ஒரு எண்ணைச் சொல்வார்கள்: 3,000 கோடி ரூபாய் மிச்சம். 2019-ல் செய்திகளில் வந்தது. கணக்கு என்னவென்றால், ஒரு கணினிக்கு உரிமக் கட்டணம் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கணினி, பெருக்கினால் 3,000 கோடி. பெருக்கல் சரி. ஆனால் எந்த அரசு பள்ளிக் கணினி ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை லட்சத்துக்கு உரிமம் வாங்கியிருக்கும்? வாங்கவே போகாத சாமானின் விலையை மிச்சம் என்று எழுதினால் என் மேலதிகாரி பேப்பரைத் திருப்பி வீசுவார் :-)

உண்மையான லாபம் வேறு. ஆசிரியர்களுக்கு அந்த மூட்டையைப் பிரிக்கவும் கட்டவும் தெரிந்தது. அடிப்படை உபுண்டு பழசானால் புதியதன் மேல் திரும்பக் கட்டினார்கள், 18.04 போய் 22.04 வந்தது. கட்டும் முறை கையில் இருந்ததால் யாரிடமும் போய் நிற்கவில்லை.

அது கையில் இல்லாதவர்களுக்கு என்ன ஆனது என்றும் பார்க்கலாம். சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பியிருந்தார்கள். 2020 டிசம்பரில், 2021 கடைசியோடு சரி என்று அறிவித்துவிட்டார்கள். கன்டெய்னருக்கென்றே பிறந்த கோர்ஓஎஸ்ஸை 2018-ல் ரெட் ஹேட் வாங்கியது, 2020 மே மாதம் அந்தப் பழைய கோர்ஓஎஸ்ஸின் கதை முடிந்தது. 2025-ல் பிராட்காம் கையிலிருக்கும் பிட்நாமி, பல வருஷமாக இலவசமாகக் கொடுத்துவந்த இமேஜ்களில் பெரும்பகுதியை 'லெகஸி' கிடங்குக்குத் தள்ளி, அங்கே இனி அப்டேட் கிடையாது என்றது. யாரையும் குறை சொல்ல முடியாது, அவர்கள் கடை, அவர்கள் இஷ்டம். ஆனால் பட்டியலைத் தானே எழுதி வைத்திருந்தவருக்கு வேலை பாதி. வெறுமனே இறக்கி ஓட்டினவர் உள்ளே என்ன இருந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

நம் ஊரிலும் மூட்டை இல்லாமல் இல்லை. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அதுவும் விண்டோஸும் சேர்ந்தே வந்தன. கேரளம் மாதிரி பத்தாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் அதன்மேல் ஒரு செய்முறைத் தேர்வு நடத்தியிருந்தால் அதுவும் நிலைத்திருக்கும் என்பது என் எண்ணம். கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

வெளியூரில் வாழும் நமக்கு இது புரியாத விஷயமே அல்ல. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வருகிற குடும்பத்தைக் கேளுங்கள். முதல் மாற்றலில் உடைந்த நாற்காலியிலிருந்து காலி ஹார்லிக்ஸ் பாட்டில் வரை லாரியில் ஏறும். மூன்றாவது மாற்றலில் வீட்டம்மா பட்டியல் எழுதியிருப்பார்: எந்த அட்டைப்பெட்டியில் என்ன, எது வேண்டாம், எது முதலில் பிரிக்க வேண்டும். லாரி வாடகைக்காக மட்டும் அல்ல. போய் இறங்கின ராத்திரி குழந்தையின் மருந்து எந்தப் பெட்டியில் என்று தெரிய வேண்டுமே!

எனவே கோரிக்கை இரண்டு தரப்புக்கு.

கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு: மென்பொருள் வாங்கும்போது உள்ளடக்கப் பட்டியல் கேளுங்கள். இதற்கு எஸ்பாம் என்று பேர். செர்ட்-இன் 2024 அக்டோபரில் இதற்கு வழிகாட்டுதலே வெளியிட்டுவிட்டது, இனிமேல் கேள்விப்படவில்லை என்று சொல்ல முடியாது. பட்டியல் வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இது எதற்கு?" என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். பதில் இல்லாத வரிகளை எடுக்கச் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கு: கிளவுட், டெவ்ஆப்ஸ் என்று போர்டு மாட்டின கோர்ஸுக்கு ஐம்பதாயிரம், எழுபதாயிரம் கட்டும் முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். "என் பிள்ளை இங்கே ஒரு இமேஜை வெறும் நிலையிலிருந்து கட்டக் கற்றுக்கொள்வானா, இல்லை அடுத்தவர் கட்டினதை இறக்கி ஓட்ட மட்டும்தானா?" இறக்கி ஓட்டுவதற்கு ஒரு வரி கட்டளை போதும். அதற்கு எழுபதாயிரம் எதற்கு? ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு மாத ராத்திரிகளும் இருந்தால் லினக்ஸ்கிட்டோ பில்ட்ரூட்டோ வைத்து வீட்டிலேயே ஒரு குட்டி இயங்குதளம் கட்டிப் பார்க்கலாம். முதல் பத்துத் தடவை எழும்பாது. எது இல்லாததால் எழும்பவில்லை என்று தேடுவானே, அதுதான் படிப்பு. நேர்முகத்தில் உட்கார்ந்து "இந்த வரி எதற்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போவது அந்தப் பையன்தான்.

டிஸ்கி: இதெல்லாம் என் சொந்தக் கருத்து. எனக்குச் சம்பளம் கொடுக்கும் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.