அங்கே விசாரிக்கக் கூடாதென்றால் இங்கே விசாரியுங்கள்

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் பண்ணையம் பார்க்கிறவள் நான். தை, மாசியில் வெட்டு, வேக்காடு, மெருகு எல்லாமே கூலி ஆட்களை நம்பித்தான். பேசிய கூலியில் பத்து ரூபாய் குறைந்தாலும் மறுநாள் காட்டுக்கு ஆள் வராது. தேவயானி கோப்ரகடே வழக்கை அந்தக் கண்ணோடுதான் படித்தேன்.

நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதராக இருந்த அவரை, 2013 டிசம்பர் 12 அன்று, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தபோது கைது செய்தார்கள். ஆடை களைந்து சோதித்தார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பதிலுக்கு டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்தின் வெளியே இருந்த தடுப்புகளை நம் அரசு அகற்றியதே, அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். வேற்று நாட்டுப் போலீஸ் நினைத்தபோது இழுத்துப்போய் விசாரிக்கலாம் என்றாகிவிட்டால், நம் தூதர் எந்த ஊரிலும் நிமிர்ந்து பேச முடியாது.

ஆனால் வழக்கு ஒரு வீட்டு வேலைப் பெண்ணின் கூலியைப் பற்றியது. விசா விண்ணப்பத்தில் மணிக்கு 9.75 டாலர், தனியாகப் பேசிக்கொண்டதோ மாதம் 30,000 ரூபாய், அதாவது மணிக்கு 3.31 டாலர் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. தேவயானி மறுத்தார். 1963 வியன்னா உடன்படிக்கைப்படி துணைத் தூதரக அதிகாரிகளுக்கு அலுவல் வேலைக்கு மட்டுமே வழக்கிலிருந்து விலக்கு உண்டு. அதனால் அவரை ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவுக்கு மாற்றி, முழு விலக்கு பெற்று, 2014 ஜனவரியில் நாட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். நாடாளுமன்றமே கொதித்தது. அந்தக் கொதிப்பில் கூலிப் பேச்சு அமுங்கிப்போனது.

தூதர்களுக்கான 1961 உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, இந்த விலக்கு சொந்த நாட்டு நீதிமன்றத்திடமிருந்து ஒருவரைக் காப்பாற்றாது என்கிறது. சொந்த நாடு விசாரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஈழத் தமிழர்கள் அறிவார்கள். இறுதிப் போரில் 58ஆவது படைப்பிரிவை நடத்திய சவேந்திர சில்வா, பிறகு ஐ.நா.வில் இலங்கையின் துணை நிரந்தரப் பிரதிநிதியானார். போரில் உறவுகளை இழந்தவர்கள் நியூயார்க்கில் தொடுத்த வழக்கு, தூதர் என்ற விலக்கினால் 2012இல் தள்ளுபடியானது. கொழும்பு அவரைக் கூண்டில் ஏற்றவில்லை. 2019இல் ராணுவத் தளபதியாக்கியது. அந்த வழியில் நம் அரசு போகக் கூடாது.

வீட்டு வேலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வெளிநாடு போகும் ஒவ்வொரு அதிகாரியின் கூலி ஒப்பந்தத்தையும் வெளியுறவு அமைச்சகமே வாங்கிப் பார்க்கட்டும். சம்பளம் அந்தப் பெண்ணின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் ஏறட்டும். அவர் புகார் சொன்னால், அதிகாரியை ஊருக்கு அழைத்து டெல்லி நீதிமன்றத்தில் நிறுத்தட்டும். சாட்சி சொல்ல அந்தப் பெண் வந்துபோகும் செலவையும் அரசே ஏற்கட்டும்.