மச்சமோ சைவமோ என்று கேட்கிற ஊர் இன்னொன்றும் கேட்கலாம்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போனால் முதலில் வரும் கேள்வி, “நீங்கள் மச்சமோ, சைவமோ?” வெள்ளிக்கிழமை எண்டால் அந்தக் கேள்விகூடத் தேவையில்லை. கந்தசஷ்டிக்குச் சட்டி பானை வேறை. பிள்ளை பெத்த வீட்டில் பத்தியக்கறி தனியாகக் கொதிக்கும். “என்ன, எடுப்புக் காட்டுறியோ?” என்று ஒருத்தரும் கேட்கமாட்டினம். ஒருவருக்காகத் தனியாகச் சமைப்பது சாட்டியிலும் வேலணையிலும் புதுப் பழக்கம் இல்லை.

அதே வீட்டில் ஒரு பிள்ளை, “அன்ரி, எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, வெறுந் தேத்தண்ணி தாங்கோ” என்று சொல்லட்டும். உடனே விசாரணை தொடங்கிவிடும். “இந்த வயசிலை என்ன வருத்தம்?” “கொஞ்சம் குடிச்சா ஒண்டும் செய்யாது.” “நாங்களெல்லாம் குடிச்சுத்தானே வளந்தனாங்கள்?” விரதத்துக்குக் கிடைக்கிற மரியாதை வயிற்றுக்குக் கிடைப்பதில்லை. கடவுளுக்காக ஒன்றை விட்டால் பக்தி, உடம்புக்காக விட்டால் நடப்பு. இது சரியில்லை என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

முதலில் அந்தக் “கொஞ்சம்” என்ற சொல்லைப் பார்ப்போம். உபசரிக்கிற ஆக்கள் அன்போடுதான் சொல்லுகினம். ஆனால் “வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது” என்ற ஒரே வசனத்துக்குள் நாலு வேறு வேறு சங்கதிகள் கிடக்கு. கொஞ்சம் என்பதற்கு ஒவ்வொன்றிலும் அர்த்தம் வேறு.

முதலாவது, பால். பாலில் இருக்கிற லக்ரோஸ் என்ற சீனியைச் செமிக்க வைக்கும் நொதியம் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பலருக்குக் குறைந்துபோகும். உலகில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இப்படித்தான். ஆகவே பால்தேத்தண்ணி குடித்ததும் வயிறு பொருமுகிறவர் அபூர்வப் பிறவி இல்லை, அவர்தான் பெரும்பான்மை. இங்கே “கொஞ்சம்” பலருக்குச் சரிவரும், தயிரும் பாலைவிடப் பரவாயில்லை. ஆனால் எவ்வளவு கொஞ்சம் என்பது குடிக்கிறவருக்குத்தான் தெரியும், ஊத்துகிறவருக்கு இல்லை.

இரண்டாவது, சீலியாக். கோதுமையில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிற நோய். இதில் கொஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாண் துகள் பட்டாலும் குடல் கெடும், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் கெடும்.

மூன்றாவது, ஐ.பி.எஸ். என்கிற குடல் எரிச்சல் தொல்லை. சோதனையில் புண்ணோ வீக்கமோ தெரியாது, ஆனால் வலி, பொருமல், வயித்தாலை போறது எல்லாம் உண்மை. வெங்காயம், உள்ளி, பருப்பு, பால் எல்லாம் சேரச் சேரத்தான் குழப்பும். நேற்றுச் செய்யாதது இண்டைக்குச் செய்யும். “நேத்துச் சாப்பிட்டனீதானே?” என்பது அதனால்தான் நியாயமான கேள்வி இல்லை.

நாலாவது, ஒவ்வாமை. இறால், நண்டு, கச்சான் போன்றவற்றுக்குச் சிலருக்கு நிமிசக் கணக்கில் தொண்டை வீங்கி மூச்சடைக்கும். இதில் கொஞ்சம் உயிரையே எடுக்கலாம்.

இப்ப யாழ்ப்பாணத்துச் சமையலுக்கு வருவோம். “கோதுமை ஆகாதெண்டால் பாணை விடு, பிட்டும் இடியப்பமும் சாப்பிடு” என்று சொல்லுவினம். ஆனால் எங்கள் வீடுகளில் பிட்டும் இடியப்பமும் பாதி நாள் அவித்த கோதுமை மாவில்தான். தோசைக்கும் உழுந்தோடு கோதுமை மா கரைப்போம். கொத்துக் கடையில் சோறு கேட்டாலும் அதில் விடும் சோயா சோஸில் கோதுமை இருக்கும். கடையில் வாங்கும் பெருங்காயத் தூள் பலவற்றிலும் இருக்கும். பெயர் அரிசிச் சாப்பாடு, உள்ளே வேறு.

இத்தனைக்கும் கோதுமை எங்கள் மண்ணில் விளைகிற தானியம் இல்லை. பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது. 1942இல் பர்மா ஜப்பானிடம் விழ, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோக, கோதுமை மா பங்கீட்டுக்குள் நுழைந்து வீட்டுச் சமையலில் நிலைத்துவிட்டது. அதே யுத்தம் உலகத்தின் இன்னொரு மூலையில் வேறொன்றைக் காட்டியது. வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர், சீலியாக் பிள்ளைகளுக்குக் கோதுமைதான் எதிரி என்று 1930களிலேயே சந்தேகித்தவர். 1944-45 பட்டினிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பாண் இல்லாமல் போனபோது அந்தப் பிள்ளைகள் தேறினார்கள், பாண் திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். 1950இல் தன் ஆய்வேட்டில் அதை எழுதினார். அதுவரை அந்தப் பிள்ளைகளுக்கும் “சாப்பிடப் பஞ்சிப்படுறாய்” என்ற பேச்சுத்தான் விழுந்திருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே கோதுமையை விட்டுவிடாதீர்கள். தென்னாசியாவின் தெற்கில் சீலியாக் அரிது. 2016இல் வெளிவந்த, இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு, சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருப்பவர்கள் வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் என்றும் தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில் என்றும் சொன்னது. அதைவிட முக்கியம்: சீலியாக்குக்கான இரத்தப் பரிசோதனை செய்யும்போது கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். முன்கூட்டியே விட்டால் நோய் இருந்தும் இல்லையென்று வரும். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் மெலிதல், இரவில் எழுப்புகிற வயித்தோட்டம், விடாத காய்ச்சல் என்றால் யூரியூப் பார்த்துப் பத்தியம் இருக்காமல் ஊர்காவற்றுறைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய் டொக்டரிட்டைக் காட்டுங்கள்.

“எங்கடை ஒடியல் கூழுக்குத் திரும்பினால் எல்லா வருத்தமும் போயிடும்” என்கிறவர்களோடும் நாங்கள் முழுதாக ஒத்துப்போகவில்லை. ஒடியல், குரக்கன், சாமை, சிவப்பரிசி ஒன்றிலும் குளூட்டன் இல்லை, அது பெரிய வரம்தான். கொழும்பில் விலை கொடுத்துக் குளூட்டன் இல்லாத பாண் தேடத் தேவையில்லை. ஆனால் கூழில் நண்டும் இறாலும் இருக்கு, செத்தல் மிளகாயும் பழப்புளியும் இருக்கு. ஒருவருக்கு மருந்தாக இருப்பது இன்னொருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கு மெல்பேர்னில் மொனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபொட்மாப் முறை இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. சில கிழமைக்கு மட்டும் சிலவற்றை நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து, தன் வயிற்றைக் குழப்புவது எது என்று கண்டுபிடிப்பது. ஆயுள் தண்டனை இல்லை. உள்ளி இல்லாமல் எப்படிக் கறி என்றால் அதற்கும் வழி உண்டு. உள்ளியில் குழப்பம் தருகிற பொருள் தண்ணியில் கரையும், எண்ணெயில் கரையாது. முழு உள்ளியை எண்ணெயில் பொரித்து எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசம் வரும், வலி வராது.

ஆனால் இதையெல்லாம் செய்யப்போவது ஆர்? பெரும்பாலும் அம்மாதான். அம்மாவுக்கே வருத்தம் எண்டால் அவ தனக்கெண்டு ஒண்டும் சமைக்கமாட்டா, மிச்சத்தைச் சாப்பிட்டுச் சமாளிப்பா. யாழ்ப்பாணத்தில் படிக்கிற பிள்ளை பண்ணைப் பாலம் தாண்டும்வரை வயிறு குழம்பக்கூடாதென்று காலைச் சாப்பாட்டையே விடும். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறுகிறவருக்கும் அதே பயம். கலியாண வீட்டுக்குப் போகாமலே விட்டால் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்று ஒதுங்குகிறவர்கள் எங்கள் வட்டத்திலேயே இருக்கினம். பத்தியத்தைவிட இந்தத் தனிமைதான் கொடுமை. சாப்பாட்டை மாற்றுவது ஒருவருடைய மன உறுதியால் நடக்கிற காரியமில்லை. சமையலறையும் பந்தியும் சேர்ந்து மாற வேண்டும்.

கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. மச்சமோ சைவமோ என்று கேட்கிறபோது, “ஒத்துக்கொள்ளாதது ஏதும் இருக்கோ?” என்றும் கேளுங்கோ. அன்னதானத்தில் பிட்டு என்ன மாவில் அவித்தது என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்லுங்கோ. சாட்டிக் கடற்கரையில் கூட்டமாகக் கூழ் காய்ச்சும்போது ஒவ்வாமை உள்ளவருக்கு முதலிலேயே வேறு பானை, வேறு அகப்பை வையுங்கோ. கடைசியில் “நண்டை எடுத்துப்போட்டுக் குடி” என்பது உதவாது. “வேண்டாம்” என்று ஒருவர் ஒருதரம் சொன்னால், அவருடைய பிளாவில் இரண்டாம்தரம் ஊத்தாதையுங்கோ.