உளியும் எங்கள் கைக்கு உரியதே!

"படித்து முடித்து என்ன ஆகப் போகிறாய்?" என்ற கேள்விக்கு எங்கள் வகுப்பில் பலவிதமான விடைகள் வந்தன. மருத்துவர், ஆசிரியை, வங்கி அதிகாரி, கணினிப் பொறியாளர் எனப் பட்டியல் நீண்டது. தச்சர் என்று ஒருத்தியும் எழுதவில்லை. தச்சரின் மகளான எங்கள் தோழியும் எழுதவில்லை. காரணம் கேட்டோம். "அப்பா என்னை உளியைத் தொடவே விட்டதில்லை. அண்ணனுக்குத்தான் கற்றுத்தர ஆசைப்பட்டார். அவன் வேண்டாமென்று கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்" என்றாள்.

வேண்டாம் என்பவனை வற்புறுத்தி அழைக்கும் தொழில், விரும்பக்கூடியவளுக்கு மறுக்கப்படுவது முறையா? இதைப்பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

நம் தாம்பரத்தைச் சுற்றிப் பாருங்கள். சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் என்று எத்திசையிலும் அடுக்குமாடி வீடுகள் எழும்புகின்றன. ஒவ்வொரு வீட்டிற்கும் கதவு வேண்டும்; அலமாரி வேண்டும்; சமையலறைக்குத் தட்டுகள் வேண்டும். ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் தச்சர்கள் இங்கு வந்து உழைக்கிறார்கள். ஆகவே வேலை இல்லை என்று எவரும் கூற இயலாது.

தச்சு, வெறும் உடலுழைப்பும் அன்று. மரத்தின் ரேகை ஓடும் திசையறிந்து இழைப்புளியைத் தள்ள வேண்டும். ஈரம் உலராத மரத்தில் கதவு செய்தால் அது பின்னர் வளைந்து கொடுக்கும். ஒரு கட்டையின் நுனியை நாக்குப்போல் செதுக்கி, மற்றதில் அதற்கேற்பத் துளையிட்டுப் பொருத்தும்போது, நூலளவு பிசகினாலும் சட்டம் ஆடும். நாம் படிக்கும் வடிவியல் அனைத்தும் அங்கே உயிர் பெறுகிறது!

"பெண்களுக்கு வலிமை போதாதே" என்பர் சிலர். கட்டடத்தில் சித்தாளாகத் தலையில் செங்கல் சுமந்து மாடியேறும் தாய்மாரை இவர்கள் கண்டதில்லையா? சுமை தூக்கும்போது எழாத ஐயம், கைத்திறனும் கூடுதல் கூலியும் உள்ள வேலையைக் கேட்கும்போது மட்டும் எழுவதேன்? மேலும், இன்று அறுப்பதையும் இழைப்பதையும் பெரும்பாலும் மின்கருவிகளே செய்கின்றன. அவற்றைக் கையாள முறையான பயிற்சியும் கவனமுமே முதல் தேவை.

அப்பயிற்சிக்கு வழியும் உண்டு. முன்பு தந்தையிடமிருந்து மகனுக்கே சென்ற இத்தொழிலை, இன்று தொழிற்பயிற்சி நிலையத்தில் எக்குடும்பத்தவரும் கற்கலாம். தச்சர் பிரிவு ஓராண்டுப் படிப்பு; எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி, உதவித்தொகையுடன் பழகுநராகவும் சேரலாம். பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலையின் பழகுநர் அறிவிப்புகளில் தச்சர் பிரிவும் இடம்பெறுவதுண்டு. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், கல்லூரிக்கு மட்டுமன்றித் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரும் தகுதியுள்ள மாணவியருக்கும் உரியது.

இடர்கள் இல்லையென்று நாங்கள் கூறவில்லை. கட்டட வேலையிடங்கள் பலவற்றில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. மாலையில் தனியே வீடு திரும்புவதும் அச்சமே. ஆனால் இவை மாற்றப்பட வேண்டிய குறைகளேயன்றி, பெண்களை வீட்டில் நிறுத்துவதற்கான காரணங்களல்ல. பட்டறையில் மேசை நாற்காலி செய்வதிலிருந்து தொடங்கவும் இடமுண்டு.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். அவர் நாசரேத்தூர்த் தச்சர். ஆண்டுதோறும் அவரை வணங்கும் நாம், அவரது தொழிலை மட்டும் தாழ்வாக எண்ணலாமா?

இந்த விடுமுறையில் தந்தையிடம் இழைப்புளியைக் கேட்கப்போவதாக எங்கள் தோழி சொல்லியிருக்கிறாள். அவர் மறுக்காமல் தர வேண்டும் என்பதே எங்கள் அவா. பெற்றோரே, கேட்கும் கையில் கருவியைக் கொடுங்கள். தோழியரே, கேட்கத் தயங்காதீர்கள்!