மரத்தில் எழுதிய மனைமொழி

சென்னையின் பழைய வணிகத் தெருக்களுள் ஒன்றை அரண்மனைக்காரன் தெரு என்கிறோம். அப்பெயருக்குக் காரணம் அரண்மனை அன்று. ‘ஆர்மேனியன்’ என்னும் சொல்லே மக்கள் நாவில் அவ்வாறு திரிந்தது. ஆர்மேனிய மொழியின் முதல் இதழான ‘அஸ்தரார்’ 1794இல் வெளிவந்ததும் இந்நகரில்தான். ஆயினும் அம்மக்களின் கற்சிலுவைகளை ஓரளவு கேள்வியுற்றுள்ள நாம், அவர்தம் வீட்டு மரப்பொருள்களை அறியோம்.

ஆர்மேனிய மலையூர் வீட்டில் தட்டுமுட்டுகள் சிலவே. தரையில் குழித்துப் பதித்த மண்ணடுப்பே வீட்டின் நடுவிடம். குளிர்காலத்தில் அதன்மேல் தாழ்ந்த மேசையொன்றை இட்டு, போர்வை விரித்து, அதனடியில் கால்களை நீட்டி அனைவரும் அமர்வர். இதற்குமேல் ஒரு பெட்டகம், ஒரு தொட்டில், ஓர் உப்புக்கலம். பொருள்கள் சிலவாதலின் ஒவ்வொன்றின்மீதும் உளி நின்று உழைத்தது.

இவற்றுள் உப்புக்கலமே நம்மை மிகவும் கவர்வது. பெண்ணுருவில் மண்ணால் வனைந்து, வயிற்றிடத்தே வாய் திறந்து வைத்தனர். நெடிய பனிக்காலத்திற்கு இறைச்சியையும் பாலாடைக்கட்டியையும் கெடாது காப்பது உப்பு; அக்காப்பைக் கையில் வைத்திருந்தவள் இல்லத்தரசி. கருவைத் தாங்கும் வயிறு உப்பைத் தாங்கும் வயிறாயிற்று. இதனை வெறும் அலங்காரம் என்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று.

மரச்செதுக்குகளில் சுழலும் சக்கரமும் உயிர்மரமும் மாதுளையும் திராட்சையும் பறவைகளும் இடம்பெறும். சக்கரத்தை எங்குக் காணினும் ‘நித்தியச் சின்னம்’ என்று கூறி அமைவதே இன்றைய வழக்கம். 2014இல் அச்சின்னம் வலச்சுழி, இடச்சுழி என இரு வடிவிலும் கணினியின் ஒருங்குறியில் ஏறிற்று. மகிழ்ச்சியே! ஆனால் தொட்டிலின் தலைப்பலகையில் நின்று குழவியைக் காக்கும் சக்கரமும், தானியப் பெட்டகத்தின் முகப்பில் நிற்கும் சக்கரமும் ஒரே பொருளைத்தான் உணர்த்துமா? பொருளின் தொழிலை மறந்து குறியைப் படிப்பது, இடம் நோக்காது சொல்லுக்கு உரை காண்பது போன்றதே.

1915ஆம் ஆண்டின் பேரழிவில் வாழ்விடம் விட்டுத் துரத்தப்பட்டோர் பெட்டகங்களைத் தூக்கிச் செல்ல இயலவில்லை. மூஷ் நகர்ப்பகுதி மடமொன்றின் 1134ஆம் ஆண்டுச் செதுக்குக் கதவு எரவான் வரலாற்று அருங்காட்சியகத்தை அடைந்தது. உழவர் வீட்டுத் தொட்டில்களுள் அந்நற்பேறு பெற்றவை மிகச் சிலவே. ஆதலின் எஞ்சியவற்றின் அருகே சின்னத்தின் பெயரை மட்டும் எழுதி வைப்பது போதாது. எவ்வூர் மரம், உள்ளே எதனை வைத்தனர், எவர் கைபட்டு விளிம்பு தேய்ந்தது என்பனவற்றையும், அறிந்த அளவிற்கேனும், பொறித்து வைத்தல் வேண்டும்.