புஸ்ஸியின் கல்லறையும் என் பாட்டியின் குழியும்

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுக் கல்லறைக்குச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போகிறவர்கள், 1785இல் இதே ஊரில் இறந்த தளபதி புஸ்ஸியின் கல்லறை முன் நின்று கதை சொல்வார்கள். தக்காணத்துப் போர்கள், ஈட்டிய செல்வம் எல்லாம் வரும். கிறித்தவர்களின் சாவிலும் சாதி புகுந்த கதை மட்டும் வராது.

அதற்கு ஆவணம் இல்லாமல் இல்லை. 1745இல் இங்குள்ள சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர் கிறித்தவர்கள், மறுபுறம் சாதிக் கிறித்தவர்களும் ஐரோப்பியரும். சேரி மக்கள் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இதை எழுதி வைத்தவர் புரட்சிக்காரர் அல்ல, ஆனந்தரங்கப் பிள்ளை.

பிரெஞ்சுக்காரர்கள் சமத்துவம் கொண்டுவந்தார்கள் என்பது இன்னொரு கதை. இந்தியர்கள், கிறித்தவரானாலும், அவரவர் சாதி வழக்கப்படியே விசாரிக்கப்படுவார்கள் என்று 1819இல் சட்டம் போட்டவர்கள் அவர்கள்தான். அது மன்னராட்சிக் காலம் என்று சமாதானம் சொல்லலாம். பின்னால் வந்த குடியரசு மட்டும் சாதி வழக்கைக் கைகழுவியதா?

பழங்கதை என்று தள்ளவும் முடியாது. புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கிறித்தவர்களுக்குத் தனிக் கல்லறை. சம உரிமை கேட்டதற்கு 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்த இருவரும் சாதிக் கிறித்தவர்கள். சாதி தன் பிள்ளைகளையும் தின்னும். திருச்சி மேலப்புதூரிலோ கல்லறைக்குள்ளேயே சுவர். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016இல் ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டால் போதுமா?

என் பாட்டி செத்தபோது ஊர்த்தெரு வழியாகப் பெட்டி போகக்கூடாது என்றார்கள். மழையில் வரப்பு மேல் தூக்கிப்போனோம். சித்தப்பா வழுக்கி விழுந்தார். பெட்டி சேற்றில் சாய்ந்தது. இன்று ஆய்வுக்காக ஊர் ஊராகக் கல்லறை எழுத்துகளைப் படியெடுக்கிறேன். பாட்டியின் குழி எதுவென்று காட்ட ஒரு கல் இல்லை.

நாம் கேட்பது இரக்கம் அல்ல. எந்தெந்தப் பங்கில் சாதிக்கொரு கல்லறை இருக்கிறது என்ற பட்டியலை மறைமாவட்டங்கள் வெளியிடட்டும். தனிக் கல்லறைகளை மூடட்டும். ஒரே தோட்டம், இறந்த தேதி வரிசையில் குழி. ஊர்த்தெரு எல்லாப் பெட்டிக்கும் பொது. இதற்கு மறுக்கும் பங்கில் திருவிழா எதற்கு, தேர் எதற்கு?

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று புதுச்சேரிக்கு வாருங்கள் தோழர்களே. புஸ்ஸியின் கதை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 1745இல் அந்தச் சுவருக்கு எதிராக நியாயம் கேட்டவர்களை எங்கே புதைத்தீர்கள்?