ஊரிடம் ஒப்படைத்த துப்பாக்கி

பயங்கரவாதம் ஓர் ஊரைத் தாக்கிய மறுநாளே ஒரு வாதம் கிளம்பிவிடுகிறது. "அங்கிருந்த மக்களுள் பத்துப் பேர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்குமா?" என்பது அது. அரசியல் மேடைகளில் மட்டுமன்று, தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து பேசும் பெரியவர்களிடையேயும் இதனைக் கேட்கிறோம். இவ்வாறு கேட்பவர்கள் கொடியவர்கள் அல்லர், அஞ்சியவர்கள். ஆதலால் அவர்களை ஏசிவிட்டு அகல நமக்கு மனமில்லை. ஆயினும் இவ்வாதம் பிழையானது என்றே கூறுகிறோம். அதனை நிறுவ அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போக வேண்டியதில்லை. நம் மொழி பேசும் நம் மார்க்கத்து மக்களே இந்தப் பரீட்சையை எழுதிப் பார்த்திருக்கிறார்கள்.

இலங்கையின் கிழக்கு மாகாணத்தைக் குறிப்பிடுகிறோம்.

மட்டக்களப்புக் கரையோரத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல் மாறி மாறி அமைந்தவை என்று அவ்வூர்க்காரர்களே சொல்வது வழக்கம். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. கிழக்கில் விடுதலைப் புலிகளிடம் சரணடைந்த போலீசார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். காவல் நிலையங்களுக்கே காவல் இல்லாத நிலை. ஆகஸ்ட் 3ஆம் நாள் வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் பின்னாலிருந்து சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஸஃப்பில் நின்றபடியே சாய்ந்தார்கள். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். எட்டு நாட்கள் கழித்து ஏறாவூர். அங்கும் நூற்றுக்கு மேல். அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேரளவில் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டனர். யாழ்ப்பாணத்தவர்க்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம்.

இப்படிப்பட்ட மக்கள் "எங்களுக்கும் துப்பாக்கி கொடுங்கள்" என்று கேட்டதை எவர் குறை கூற முடியும்? பிள்ளையின் மையித்தை அடக்கிவிட்டு வந்த தகப்பனிடம் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்ய நமக்கு நா எழாது. அவர்கள் கேட்டது நியாயம். கேட்டதற்கு அரசு தந்த விடைதான் நம் வழக்கு. எண்பதுகளிலேயே தொடங்கிய ஊர்காவல் படை என்னும் ஏற்பாட்டை அரசு முஸ்லிம் ஊர்களில் விரிவாக்கியது. சிங்கள எல்லைக் கிராமங்களில் முன்னரே செய்தது போல், ஊர் இளைஞர்களுக்குக் குறுகிய பயிற்சியும் சிறு ஊதியமும் வேட்டைத் துப்பாக்கியும் தந்து, "உங்கள் ஊரை நீங்களே காத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டது.

காத்தார்களா?

1992 ஏப்ரல் 29ஆம் நாள். பொலன்னறுவை மாவட்டத்து அழிஞ்சிப்பொத்தானை என்னும் முஸ்லிம் கிராமத்தில் புலிகள் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். ஊர்காவல் படை அவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் பொழுது விடிந்தபின் அந்தப் படையின் துப்பாக்கிகள் வெடித்தன. எங்கே? அருகிலிருந்த கரப்பொலை, முத்துக்கல் என்னும் தமிழ்க் கிராமங்களில். அங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டனர். அவர்கள் புலிகள் அல்லர். கொலை செய்தவர்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். கைக்கு எட்டியவர்கள் அயலார்.

இதனை எழுதும்போது சில வாசகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அறிவோம். "நம்மவர் பட்ட பாட்டைச் சொல்லும் இடத்தில் நம்மவர் செய்ததை ஏன் இழுக்கிறீர்கள்?" என்பார்கள். காத்தான்குடியை ஆண்டுதோறும் நினைவுகூர்கின்ற நாம் கரப்பொலையை ஒரு முறையேனும் உச்சரிக்காவிட்டால், நம் துக்கத்தை அயலார் நம்புவது எங்ஙனம்? அநீதிக்குச் சாட்சி சொல்லும்போது தம்மவர் என்று பாராதிருக்கும்படி கட்டளையிடப்பட்ட சமூகம் நாம்.

சரி, பழி தீர்த்ததாலாவது அச்சம் வந்து புலிகள் ஒதுங்கினார்களா? ஆறு மாதம் முடியவில்லை. அதே மாவட்டத்தில், அக்டோபர் 15ஆம் நாள், பள்ளியகொடல்லை முதலிய முஸ்லிம் கிராமங்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தாக்க வருபவன் நாளையும் நாழிகையையும் தானே தேர்ந்துகொள்கிறான். காப்பவனோ வருடம் முழுவதும் விழித்திருக்க வேண்டும். பகலில் வயலில் நின்றவன் இரவில் வேட்டைத் துப்பாக்கியோடு வரப்பில் நிற்கிறான். எதிரே வருவது தானியங்கித் துப்பாக்கிகளோடு வரும் பயின்ற கூட்டம். இந்தப் போட்டியின் முடிவைச் சொல்ல இராணுவ அறிவு வேண்டியதில்லை. ஆயின் இதைவிடப் பெரிய கோளாறு வேறொன்று. போலீஸ்காரனுக்கு எண் உண்டு, மேலதிகாரி உண்டு, அவன் சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் கணக்குக் கேட்க ஒரு நீதவான் உண்டு. நடைமுறையில் கேட்கிறார்களோ இல்லையோ, ஏட்டளவிலேனும் உண்டு. ஊர்காவலன் காப்பது தன் மாமனை, மச்சானை. அவர்கள் செத்தால் அவன் காவலனாக நிற்பதில்லை. மருமகனாகவும் மைத்துனனாகவும் ஆகிவிடுகிறான். கையில் அரசாங்கத்துத் துப்பாக்கி வேறு. அரசு ஆயுதம் தந்தது குடிமக்களுக்கு என்று பெயர். உண்மையில் ஓர் இனத்துக்கு எதிரே இன்னோர் இனத்துக்கு. தமிழனும் முஸ்லிமும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த காலத்தில் கொழும்பில் இருந்தவர்கள் அதற்காகத் தூக்கம் இழந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

இந்தியாவிலும் இதே மருந்து விற்கப்படுகிறது. மத்திய இந்தியாவின் சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக 2005இல் சல்வா ஜுடூம் தொடங்கியது. ஐந்தாம் வகுப்புப் படித்த பழங்குடி இளைஞர்களுக்கு மாதம் 3000 ரூபாய் தந்து சிறப்புக் காவல் அலுவலர் என்று பெயர் சூட்டித் துப்பாக்கி தந்தார்கள். ஊர்கள் எரிந்தன, மக்கள் காட்டுக்கும் முகாமுக்குமாக ஓடினர். 2011 ஜூலை 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, ஆயுதங்களைத் திரும்பப் பெறும்படி ஆணையிட்டது. அதனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்க்கட்சியின் வலுவான சாட்சி ஜம்மு. அதனை மறைப்பது நேர்மையாகாது. அங்கு மலைக் கிராமங்களில் 1995இல் கிராமப் பாதுகாப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பெரும்பாலும் இந்துக்கள், சில ஊர்களில் முஸ்லிம்களும். தரப்பட்டது பழைய .303 ரைபிள். போலீஸ் வந்து சேர நெடுநேரம் ஆகும் மலையுச்சிகளில் அந்த ரைபிள் சில குடும்பங்களைக் காத்தது உண்மை. 2023 ஜனவரி 1ஆம் நாள் இரஜௌரி மாவட்டத்து டாங்ரியில் பயங்கரவாதிகள் வீடு வீடாகச் சுட்டபோது, ஊரார் ஒருவர் தம் ரைபிளால் திருப்பிச் சுட்டதும் அவர்கள் ஓடினர் என்கிறார்கள். அவரை வாழ்த்துகிறோம். ஆனால் மறுநாள் காலை அதே இடத்தில், விட்டுச் சென்ற வெடிகுண்டு வெடித்துக் குழந்தைகள் இருவர் மாண்டார்களே, அதற்கு எந்த ரைபிள் விடை சொல்லும்? ஒரு வீரன் இருந்தான் என்பதற்காக ஊருக்கெல்லாம் துப்பாக்கி என்று சட்டம் செய்ய முடியாது. அக்குழுவினர் சிலர் மீதே கொலை முதலிய குற்ற வழக்குகள் பதிவான கதையும் அதே ஜம்முவினுடையது.

"அப்படியானால் குடிமக்கள் கைகட்டி நிற்க வேண்டுமா?" என்று கேட்கக்கூடும். அதற்கும் விடை கிழக்கு மாகாணத்திலேயே இருக்கிறது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையின் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் வெடித்த குண்டுகளால் 260க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அந்தக் கொலைகாரர்களின் தலைவன் ஸஹ்ரான், தொழுகையில் மாண்டவர்களின் அதே காத்தான்குடியில் பிறந்தவன். இதனை எழுதவே கை கூசுகிறது. ஆனால் அவனை முதலில் அடையாளம் கண்டவர்களும் காத்தான்குடி முஸ்லிம்களே. 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் அவன் கூட்டம் அடிதடியில் இறங்கியது. அதன் பின் அவன் தலைமறைவானான். அவனது பேச்சையும் போக்கையும் பற்றி ஊரார் அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். இந்தியாவிலிருந்தும் 2019 ஏப்ரல் தொடக்கத்திலேயே எச்சரிக்கை சென்றது. குடிமகன் கண் விழித்திருந்தான். வாய் திறந்தும் சொன்னான். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

அன்று காலை மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்துக்கு முதுகுப்பையோடு ஒருவன் வந்தான். சபையைச் சேர்ந்த ஒருவர் ஐயுற்றார். பையில் என்ன என்று கேட்டார். உள்ளே விட மறுத்து வெளியே போகச் சொன்னார். அவர் கையில் ஆயுதம் ஒன்றுமில்லை. குண்டு வெளியே வெடித்தது. அவரும் மாண்டார், சிறுவர்கள் பலர் உட்பட முப்பது பேரளவில் இறந்தனர். உள்ளே பிரார்த்தனையில் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். அவரிடம் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? உடலில் வெடிமருந்து கட்டிச் சாகவே வந்தவனைச் சுடுவேன் என்று மிரட்டுவதால் என்ன பயன்? பயன்பட்டது அந்தக் கேள்வி.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரி 12ஆம் நாள், இலங்கை உச்ச நீதிமன்றம் பொறுப்பை உரியவர்கள் தலையில் வைத்தது. எச்சரிக்கை கிடைத்தும் உயிர்களைக் காக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. அன்றைய போலீஸ் மாஅதிபரும் உளவுத்துறைத் தலைவரும் தலைக்கு ஏழரைக் கோடி. தேவாலயத்தில் மண்டியிட்டிருந்தவர்களைப் பார்த்து, "நீங்கள் ஏன் துப்பாக்கி கொண்டு வரவில்லை?" என்று அந்நீதிபதிகளுள் ஒருவரும் கேட்கவில்லை.